சொல்லிக்கொடாத சாட்சி: யப்பானியப் படங்களிற் பிள்ளைப் பருவம்

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், அதன் 118ஆம் பிரிவிலே, சாட்சி சொல்லத் தக்கார் யாவர் என்பதனை வரையறுக்கின்றது. வயது குறைவு என்னும் ஒரே காரணத்தைக் காட்டி ஒரு பிள்ளையைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட அச்சட்டம் இடந்தரவில்லை. கேட்கப்படும் கேள்வியை விளங்கிக்கொள்ளவும் அதற்கு ஏற்ற விடை பகரவும் அப்பிள்ளைக்கு இயலுமா என்பதே அங்கு எழும் வினா. இயலுமாயின், எண்பது வயதுக் கிழவரின் சொல்லைப் போலவே எட்டு வயதுச் சிறுமியின் சொல்லும் சாட்சியமாகும். எனினும், நீதிமன்றங்களிற் பழகியோர் யாவரும் அறிந்த அபாயம் ஒன்றுண்டு. வளர்ந்தோர் தம் வழக்கைப் பிள்ளையின் வாயிற் புகுத்திவிடுவர். முதல் நாள் இரவு வீட்டிலே உருப்போட்டதை மறு நாட் காலை மன்றிலே அப்பிள்ளை தப்பாமல் ஒப்பிக்கும். சொற்கள் யாவும் ஒழுங்காயிருக்கும். உண்மை மட்டும் இராது.

திரைப்படமும் ஒருவகையிற் சாட்சிக் கூண்டேயாகும். அக்கூண்டில் ஏற்றப்படும் பிள்ளைகளுள் எத்தனை பேர் தம் சொல்லைச் சொல்கின்றனர்? எத்தனை பேர் பிறர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கின்றனர்? நம் படமாளிகைகளில் நாம் கண்டு பழகிய காட்சி யாது? ஆறு வயதுப் பையன் அறுபது வயதினரின் தத்துவம் பேசுவான். பிரிந்த தாய் தந்தையரை ஒரு பாட்டிலே சேர்த்துவைப்பான். கொட்டகை கைதட்டும், தாய்மார் சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைப்பர். அவன் பிள்ளையல்லன், பிள்ளையின் உடுப்பை அணிந்த வசனகர்த்தா.

யப்பானியப் படக்கலைஞருள் ஒரு சாரார் ஏறக்குறைய நூறாண்டாக வேறொரு வழியிற் சென்றிருக்கின்றனர். பிள்ளையைப் பிள்ளையாகவே கூண்டில் ஏற்றி, அது சொல்வதைச் சொன்னபடியே பதிவு செய்துள்ளனர். அவ்வழியின் பெருமையையும் அதன் குறையையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசியல் பேசும் ஏட்டிலே படக்கதை எதற்கு என்று வினவும் அன்பர் இருப்பர். அவர்க்கு நாம் சொல்லும் விடை இது. வாக்குரிமை இல்லாத, சங்கம் இல்லாத, பத்திரிகை இல்லாத பெருங்கூட்டம் ஒன்று ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. பிள்ளைகளே அக்கூட்டத்தார். அவர்கள் பெயரால் ஆட்சி நடத்துவோர் பலர். அவர்கள் பெயரால் அழுவோர் அதனினும் பலர். அவர்கள் பேச்சைக் கேட்போர் யார்? எளியாரை ஒரு சமுதாயம் எவ்வாறு நடத்தும் என்பதனை அளக்க இதனினும் நேரிய அளவுகோலை நாம் அறியோம்.

தந்தையைக் குறுக்கு விசாரணை செய்த தனயர்

1932ஆம் ஆண்டு, தமது 28ஆம் வயதிலே, யசுஜிரோ ஓசு என்னும் நெறியாளர் ‘பிறந்தோம், ஆனால்…’ என்னும் பேசாப்படத்தை வெளியிட்டார். கதை மிகச் சிறியது. கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் டோக்கியோ நகரின் புறத்தே, தம் மேலதிகாரியின் வீட்டுக்கு அண்மையிற் குடியேறுகின்றார். அவருக்கு ஆண் பிள்ளைகள் இருவர். புதிய ஊரின் சண்டியர் கூட்டத்துக்கு அஞ்சி அவ்விருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒளிக்கின்றனர். கடைப் பையனைக் கொண்டு ஆசிரியரின் புள்ளியைத் தாமே எழுதுவித்துக்கொள்கின்றனர். பின்னர் அதே கூட்டத்துக்குத் தலைவராகின்றனர். எவன் தகப்பன் பெரியவன் என்பதே அங்கு நாளாந்த வழக்கு. தம் தந்தையே யாவரினும் பெரியவர் என்பதிலே இவ்விருவர்க்கும் ஐயமில்லை.

ஒரு நாள் மேலதிகாரியின் வீட்டிற் படம் காட்டப்படுகின்றது. அதிலே தம் தந்தை முகத்தைக் கோணி, கோமாளித்தனம் செய்து, மேலதிகாரியைச் சிரிப்பூட்டுவதைப் பிள்ளைகள் காண்கின்றனர். வீடு திரும்பியதும் விசாரணை தொடங்குகின்றது. நீங்கள் ஏன் அவருக்குத் தலைகுனிய வேண்டும்? அவர் சம்பளம் தருகின்றார். அப்படியாயின் அச்சம்பளத்தை வாங்காதீர். வாங்காவிட்டால் நீங்கள் உண்பது எவ்வாறு? அப்படியாயின் நாங்கள் உண்ணோம்!

நாம் எத்தனையோ குறுக்கு விசாரணைகளைக் கண்டிருக்கின்றோம். சாட்சியை இத்துணை விரைவாகச் சுவரோடு சாய்த்த விசாரணை அரிது. தந்தையிடம் விடையில்லை. விடையில்லாதவன் கையை ஓங்குகின்றான். மூத்தவனுக்கு அடி விழுகின்றது. இரவிலே, உறங்கும் பிள்ளைகளைப் பார்த்தபடி, இவர்களும் தம்மைப் போலவே வாழ நேருமோ என்று பெற்றோர் ஏங்குகின்றனர். மறு நாட் காலை பிள்ளைகளின் உண்ணாவிரதம் தாய் கொடுத்த சோற்றுருண்டையோடு முடிகின்றது. தெருவிலே மேலதிகாரியின் மோட்டார் வண்டியைக் கண்டதும், போய் வணக்கம் சொல்லும்படி தந்தைக்கு வழி சொல்பவர்களும் அப்பிள்ளைகளே.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அப்பிள்ளைகள் நீதிமான்களாகக் காட்டப்படவில்லை. தந்தை தலைகுனிவதைச் சகியாத அதே பையன்கள், தாம் அடக்கிய பையன்களைக் கைச்சாடை ஒன்றினால் மண்ணில் விழச் செய்து மகிழ்கின்றனர். வளர்ந்து என்னவாகப் போகின்றாய் என்று தந்தை கேட்க, இளையவன் படைத் தளபதிக்கு அடுத்த நிலையைச் சொல்கின்றான். தளபதிப் பதவியைத் தமையன் முன்னரே தனக்கென்று எடுத்துக்கொண்டானாம்! சிரித்துவிட்டு நாம் ஆண்டைக் கணக்கிடல் வேண்டும். யப்பானியப் படை மஞ்சூரியாவிற் புகுந்தது 1931இல். படம் வெளிவந்தது 1932இல். அப்பிள்ளைகள் ஆளாகும்போது அவர்களுக்குக் காத்திருந்தது எது என்பதனை நாம் அறிவோம். ஓசு அன்று அறிந்திருக்க இயலாது. எனினும், ஒரு வீட்டின் முற்றத்தில் நடந்ததை நடந்தவாறே அவர் பதிவு செய்தமையால், அடுத்து வந்த காலத்தின் சான்றும் அதனுள் அகப்பட்டுக்கொண்டது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் வாக்கு. கமக்காரருக்கு அது பொருந்தும். பிள்ளையை அவ்வாறு மட்டும் பார்ப்பவனோ, நாளைய விளைச்சலைக் கணக்கிட்டுக்கொண்டு இன்றைய முளையைக் காணாது போவான். ஓசுவின் பிள்ளைகள் வருங்காலத்தின் விதைகளாக வந்து நிற்கவில்லை. இன்றே பசிப்பவராய், இன்றே நாணுபவராய், இன்றே தீர்ப்புக் கேட்பவராய் நிற்கின்றனர்.

27 ஆண்டுகள் கழிந்து, 1959இல், ‘காலை வணக்கம்’ என்னும் வண்ணப்படத்தில் ஓசு இதே வழக்கை மீண்டும் எடுத்தார். தொலைக்காட்சிப் பெட்டி கேட்டு அடம்பிடிக்கும் தமையனும் தம்பியும், வாயை மூடு என்று தந்தை அதட்டியதும் மெய்யாகவே வாயை மூடிவிடுகின்றனர். காலை வணக்கம், நல்ல வெயில், எங்கே போகின்றீர் என்று பொருளற்ற பேச்சுப் பேசுவோர் பெரியோரே என்பது அவர்கள் வாதம். அப்பேச்சும் மனிதர்க்கு வேண்டும் என்பதனைப் படம் மறுக்கவில்லை. ஆயினும், வாதத்தை வாதமாக மதித்து முழுவதும் கேட்கின்றது.

உண்மை எங்கிருந்து வருகின்றது?

நடிப்புப் பழகாத பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் உண்மை தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். அது முழுவதும் சரியன்று. ஓசுவின் 1932ஆம் ஆண்டுப் படத்தில் இளைய மகனாக வந்த தொக்கான் கொசோ படப்பிடிப்பு நிலையத்திற் பழகிய பிள்ளை நடிகனே. எனவே, உண்மை பிள்ளையின் பயிற்சியின்மையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. கேட்கின்ற வளர்ந்தவனின் செவியிலும் அது தங்கியிருக்கின்றது.

அச்செவியைப் பெற்றவருள் ஹிரோஷி ஷிமிசு முதன்மையானவர். 1937இல் அவர் எடுத்த ‘காற்றிற் பிள்ளைகள்’ என்னும் படத்திலே, செய்யாத குற்றத்துக்காகத் தந்தை பொலிசாராற் கொண்டுசெல்லப்படுகின்றார். குடும்பம் கலைகின்றது, இளைய மகன் மாமன் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றான். இத்தகைய கதையைக் கையிலெடுப்போர் பிள்ளைகளை அழவிட்டே படத்தை நடத்துவர். ஷிமிசுவின் பிள்ளைகளோ மரம் ஏறுகின்றனர்; மரத்தொட்டியில் ஏறி ஆற்றோடு போகின்றனர்; வீட்டினுள்ளே ஒருவன் பாயில் நீந்த, மற்றவன் வானொலி அறிவிப்பாளனாகி ஒலிம்பிக் நீச்சற் போட்டியை வருணிக்கின்றான். துயரத்தின் நடுவே விளையாட்டு நிற்பதில்லை. விளையாட்டின் நடுவே துயரமும் நீங்குவதில்லை. பிள்ளை வளர்த்த எவரும் இதனை அறிவர்; படம் எடுப்போர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

போர் முடிந்தபின் ஷிமிசு, பெற்றோரை இழந்த பிள்ளைகள் சிலரைத் தாமே எடுத்து வளர்த்தார். 1948இல், அப்பிள்ளைகளையே நடிப்பித்து, ‘தேன்கூட்டுப் பிள்ளைகள்’ என்னும் படத்தை வெளியிட்டார். படையிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவன் புகையிரத நிலையத்திலே திரியும் அநாதைப் பிள்ளைகளைச் சந்திக்கின்றான். அவர்கள் அவனோடு நாட்டின் குறுக்கே நடக்கின்றனர். இப்பிள்ளைகளுள் எவரையேனும் அடையாளம் காண்கின்றீர்களா என்று பார்ப்போரை வினவும் எழுத்தோடு அப்படம் தொடங்குகின்றது. இஃது என்ன கலை? இஃது என்ன அறிவித்தல்? இரண்டையும் பிரிக்க முடியாத நிலையிலேயே அந்நாடு அன்று இருந்தது. அப்படத்தில் ஒரு சிறுவன் தன் தாயைக் கடலில் இழந்தவன். நோயுற்றுக் கிடக்கும் அவன் கடலைப் பார்க்க வேண்டுமென்று கேட்கின்றான். இன்னொரு சிறுவன் அவனை முதுகிற் சுமந்து மலையேறுகின்றான். ஏறுவது நெடுநேரம் காட்டப்படுகின்றது. உச்சியை அடையும்போது முதுகிலிருந்தவனுக்கு உயிர் இல்லை. அங்கே எவரும் வசனம் பேசி நம்மை அழச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் மூச்சு வாங்குவதை மட்டும் காண்கின்றோம்.

1954இல் சுசுமு ஹானி என்னும் இளைஞர் ‘வகுப்பறையிற் பிள்ளைகள்’ என்னும் செய்திப்படத்தை எடுத்தார். படப்பெட்டியை மறைத்து வைக்காது, வகுப்பறையிலே பிள்ளைகள் கண்முன்னேயே வைத்தார். முதலிற் பிள்ளைகள் அதனை வேடிக்கை பார்த்தனர்; நாட்செல்ல அதனை மறந்து தம் அலுவலைப் பார்த்தனர். பொறுத்திருந்தமையே அவர் செய்த வித்தை. 1956இல் எடுத்த ‘படம் வரையும் பிள்ளைகள்’ என்பதிலே பிள்ளைகளைக் கறுப்பு வெள்ளையிலும் அவர்கள் வரைந்த சித்திரங்களை வண்ணத்திலும் காட்டினார். பிள்ளை வெளியே எவ்வாறு தோன்றுகின்றது, உள்ளே எவ்வாறு காண்கின்றது என்பன இரண்டும் ஒரே படத்தில் அருகருகே நின்றன. 1961இல், சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளிவந்த இளைஞரையே நடிகராக்கித் ‘தீய சிறுவர்’ என்னும் கதைப்படத்தைச் செய்தார்.

நம் காலத்தில் அவ்வழியைத் தொடர்பவர் ஹிரோக்கசு கொரே-எடா. ‘எவருக்கும் தெரியாது’ என்னும் 2004ஆம் ஆண்டுப் படத்திலே நடித்த பிள்ளைகளுக்கு அவர் எழுத்துப் பிரதி கொடுக்கவில்லை. காட்சியின் நிலைமையை அவ்வப்போது காதிற் சொல்லி, அவர்கள் தம் சொல்லாலும் தம் அசைவாலும் விடையிறுக்க விட்டார். காதிற் சொல்வதும் சொல்லிக்கொடுப்பதே அன்றோ என்று எதிர்த்தரப்பு அப்புக்காத்து எழுந்து கேட்கக்கூடும். வேறுபாடு உண்டு. சாட்சிக்குக் கேள்வியை விளக்குவது ஒன்று. விடையை ஊட்டுவது வேறொன்று. முன்னதைச் சட்டமும் அனுமதிக்கின்றது.

போர்ப்படங்களும் ஒரு பாரதூரமான ஆட்சேபமும்

யப்பானியப் படங்களிற் பிள்ளை என்றதும் உலகம் முதலில் நினைப்பன இரண்டு. ஒன்று, கெய்சுகே கினொஷித்தா 1954இல் எடுத்த ‘இருபத்துநான்கு கண்கள்’. மற்றது, இசாவோ தக்காஹத்தா 1988இற் சித்திரப்படமாகச் செய்த ‘மின்மினிகளின் கல்லறை’.

முன்னது ஷோதோஷிமா என்னும் தீவின் கதை. 1928இலே துவிச்சக்கர வண்டியில், மேனாட்டு உடையில் ஓர் இளம் ஆசிரியை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகின்றார். முதலாம் வகுப்பிற் பன்னிரு பிள்ளைகள். எனவே இருபத்துநான்கு கண்கள். பிள்ளைகள் வெவ்வேறு வயதிற் காட்டப்பட வேண்டியிருந்தமையால், முகச்சாயல் ஒத்த உடன்பிறந்தோரைத் தேடிப் பிடித்து நடிக்கச் செய்தார் கினொஷித்தா. வறுமை ஒருத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கி உணவுக்கடையிற் பணிப்பெண்ணாக்குகின்றது. படைக்குப் போக ஆசைப்படும் பையன்களை ஆசிரியையாற் தடுக்க இயலவில்லை. ஐந்து பையன்களுள் மூவர் போரில் மாள்கின்றனர். ஒருவன் பார்வை இழந்து திரும்புகின்றான். பிள்ளைப் பருவத்திலே யாவரும் சேர்ந்து எடுத்த புகைப்படத்தை அக்குருடன் விரலாற் தடவி, இங்கே இன்னார், இங்கே இன்னார் என்று தப்பாமற் சொல்கின்றான்.

இக்காட்சியிற் கல்லும் கரையும். எனினும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்த மூன்று பையன்களும் சென்ற நாடுகளிலே என்ன செய்தனர்? அவர்கள் எதிரே நின்றோரின் பிள்ளைகள் என்னவாயினர்? படம் அங்கே மௌனம் சாதிக்கின்றது. யப்பானியப் போர்ப்படங்களின் அழுகை, யப்பான் பிறர்க்கிழைத்ததை மறைக்கும் திரையாகிவிடுகின்றது என்று திறனாய்வோர் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். இவ்வாட்சேபத்தைத் தூரத்து நாட்டுச் சமாசாரமென்று நாமும் தள்ளிவிட முடியாது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டு வீசியவை யப்பானிய விமானங்களே.

ஆட்சேபம் நியாயமானது. எமது தீர்ப்பு யாதெனில், ‘இருபத்துநான்கு கண்க’ளைப் பொறுத்தவரை அது பாதியளவு நிற்கும் என்பதே. பிள்ளைகள் பிள்ளைகளாய் நடமாடும் முற்பகுதியிற் படம் பொய் சொல்லவில்லை. கடற்கரையிலே அவர்கள் தோண்டிய குழியில் விழுந்து ஆசிரியையின் கால் ஊனமாகின்றது. அஞ்சியும் வருந்தியும், அவரைப் பார்ப்பதற்காகப் பெற்றோருக்குச் சொல்லாமல் நெடுந்தூரம் நடந்து களைத்து வீதியில் அழுகின்றனர். குற்றமும் அன்பும் கலந்த அந்நடை பிள்ளைமையின் மெய்ச்சான்று. பிற்பகுதியிலோ அவர்கள் தூய்மையின் சின்னங்களாக மாற்றப்படுகின்றனர். சின்னத்தை எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. ஒரு நாடு தன் பிள்ளைகளின் தூய்மையைத் தன் கையிலுள்ள கறைக்குப் போர்வையாக்கும் இடம் அதுவே.

‘மின்மினிகளின் கல்லறை’யோ இப்பிழையிற் பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. 14 வயதுச் செய்த்தாவும் 4 வயதுத் தங்கை செத்சுக்கோவும் 1945இல் கோபே நகரில் விழுந்த தீக்குண்டுகளால் தாயை இழக்கின்றனர். பட்டினியாற் பின்னர் இருவரும் இறக்கின்றனர். இதனை எழுதிய அகியுக்கி நோசாக்கா போர்க்காலத்திலே தம் சின்னஞ்சிறு தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். 1967இல் வெளிவந்த அக்கதை அத்தங்கையிடம் அவர் கேட்ட மன்னிப்பு. படமாக்கிய தக்காஹத்தாவும் தமது 9ஆம் வயதில் ஒக்காயாமா நகரின் குண்டுவீச்சிற் தப்பியவர். செத்சுக்கோவுக்குக் குரல் கொடுத்தவள் ஏறத்தாழ அதே வயதுச் சிறுமி. அவள் பேசியதை முதலிற் பதிந்து, பின்னர் அதற்கேற்பச் சித்திரத்தை வரைந்தனர். பேச்சுக்குச் சித்திரம் பணிந்தது. சித்திரத்துக்குப் பேச்சுப் பணியவில்லை. நாம் மேலே சொன்ன செவிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

அப்படத்திற் செய்த்தா குற்றமற்ற தியாகியாகக் காட்டப்படவில்லை என்பதனையே நாம் முதன்மையாக மதிக்கின்றோம். அவன் கடற்படை அதிகாரியின் மகன். அக்கடற்படையின் வெற்றியிற் பூரண நம்பிக்கையுள்ளவன். உறவுப் பெண்ணொருத்தியின் சுடுசொல்லைப் பொறாமல், தங்கையையும் அழைத்துக்கொண்டு வெளியேறுகின்றான். வங்கியிலே தாயின் பணம் கிடக்கின்றது. பணிந்து திரும்பிப் போகவோ அவனால் இயலவில்லை. அவன் மானமே தங்கையின் உயிருக்கும் ஊறு செய்கின்றது. அம்மானத்தை அவனுக்கு ஊட்டியவர் யார்? அவனைப் பெற்ற நாடு. அவனுக்காக அழுகின்றவன் அக்கேள்வியையும் கேளாது எழுந்து போக முடியாது. தங்கையோ பசியிலே மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை செய்து தமையனுக்குப் பரிமாறுகின்றாள். பிள்ளை விளையாடும் அதே விளையாட்டு. நெல் இருக்கும் வீட்டில் நாம் சிரித்து ஏற்றுக்கொள்ளும் விளையாட்டு. நெல் இல்லாத இடத்தில் அது குற்றப்பத்திரிகை.

கருவியாக்கப்பட்ட சிறுவன்

போர் முடிந்தபின், வளமான யப்பானில், பிள்ளையின் நிலை யாது? நகிசா ஓஷிமா 1969இற் கொடுத்த விடை ‘சிறுவன்’ என்னும் படம். 1966இற் பிடிபட்ட குடும்பமொன்றின் மெய் வழக்கை அது தழுவியது. ஓடும் மோட்டார் வண்டிகளின் முன்னே வேண்டுமென்றே விழுந்து, காயம்பட்டதாகக் காட்டி, சாரதிகளிடம் பணம் பறிப்பது அக்குடும்பத்தின் தொழில். விழுபவன் 10 வயதுச் சிறுவன். விழச் சொல்பவன் தந்தை. போரிலே காயமுற்றமையால் வேலை செய்யத் தன்னால் இயலாதென்று சாதிப்பவன். சிறுவனாக நடித்தவன் பெற்றோரில்லாதோர் இல்லமொன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பிள்ளை.

அச்சிறுவன் தந்தையை எதிர்த்து ஒரு வசனமும் பேசவில்லை. தன் தம்பிக்கு அவன் கதை சொல்கின்றான்: தூரத்து விண்மீன் மண்டலத்திலிருந்து ஒருவன் வருவான், அவனுக்கு அச்சமில்லை, கண்ணீரில்லை, நீதியை நிலைநாட்டுவான். வடகோடியிலே, பனியிலே, அவ்வீரனை அவன் உருவாக்குகின்றான். பின்னர் தானே மோதி மோதி அதனை உடைக்கின்றான். பிள்ளையைக் கருவியாக்கும் வளர்ந்தோருக்கு எதிராக நாம் பார்த்த வாக்குமூலங்களுள் இதனினும் கடுமையானது இல்லை. அதிலே ஒரு சொல்லும் சொல்லிக்கொடுத்த சொல்லன்று.

அயலார் அறியாத வீடும் பெரியோர் அறியாத பொய்யும்

கொரே-எடாவின் ‘எவருக்கும் தெரியாது’ 1988இலே டோக்கியோவில் வெளிப்பட்ட வழக்கொன்றைத் தழுவியது. உண்மை நிகழ்ச்சிகளைப் பலவிடத்து மாற்றியும் கொண்டது. நால்வர் பிள்ளைகள், தந்தையர் வெவ்வேறானோர். தாய் சிறிது பணத்தை வைத்துவிட்டுப் போய்விடுகின்றாள். 12 வயது மூத்தவன் மற்ற மூவரையும் காக்கின்றான். அயலிலே மக்கள் நிறைந்திருக்கின்றனர், கடைகள் திறந்திருக்கின்றன, அரசாங்கம் இருக்கின்றது. எவருக்கும் தெரியாது.

காலம் செல்வதனைப் படம் எதனாற் காட்டுகின்றது? குட்டையாகிவரும் வண்ணக் கட்டிகளால், பிய்ந்துவரும் காலணிகளால், தெருவோரத்திற் பொறுக்கிய விதைகளை வெற்று உணவுக் கோப்பைகளில் இட்டு, மேல்மாடத்திலே பிள்ளைகள் வளர்க்கும் செடிகளால். பருவங்கள் மாறமாறப் படப்பிடிப்பும் ஏறத்தாழ ஓராண்டு நடந்தமையாற் பிள்ளைகள் மெய்யாகவே வளர்ந்தனர். மூத்தவனின் குரலும் மாறியது. அவனாக நடித்த யுயா யகிரா, 14 வயதிலே, கான் திரைப்பட விழாவின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அப்படத்திலே தாயைக் கொடியவளாக்கி வழக்கை முடித்துவிட நெறியாளர் மறுத்துவிட்டார். தாயொருத்தியைத் தண்டித்துவிட்டு அயலார் யாவரும் விடுதலையாவதனை அவர் விரும்பவில்லைப் போலும்.

அவரே 2023இற் செய்த ‘அரக்கன்’ என்னும் படம் எமது உவமையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசெல்கின்றது. யூஜி சக்காமொத்தோ எழுதிய அக்கதை, பள்ளிக்கூடத்தில் நடந்தவற்றை முதலில் தாயின் கண்ணாலும், அடுத்து ஆசிரியரின் கண்ணாலும், இறுதியிற் பிள்ளைகளின் கண்ணாலும் காட்டுகின்றது. அங்கே ஒரு சிறுவன் ஆசிரியர்மேல் மெய்யாகவே பொய்ப்பழி சொல்கின்றான். அப்படியாயின் பிள்ளையின் சாட்சியம் வீழ்ந்ததா? இல்லை. தன் தோழன்மீது தான் கொண்ட அன்பை வளர்ந்தோர் உலகத்தின் எச்சொல்லாலும் சொல்லத் துணியாத பிள்ளை, வளர்ந்தோர் ஏற்கும் பொய்யொன்றைச் சொல்லித் தப்புகின்றது. பொய்யை மட்டும் பதிவு செய்யும் மன்று அரைகுறை மன்று. அப்பொய் எவ்வச்சத்திற் பிறந்தது என்று கேட்பதே முழு விசாரணை.

நாம் கேட்பது

இவ்வனைத்தாலும் நாம் நிறுவ முயன்றது ஒன்றே. பிள்ளையைத் தெய்வமாக்கினும் பொய், கருவியாக்கினும் பொய். முன்னதைச் செய்வோர் அன்பினாற் செய்வதாகச் சொல்வர். பின்னதைச் செய்வோர் தேவையினாற் செய்வதாகச் சொல்வர். இருவரும் பிள்ளையின் வாயை மூடுவதில் உடன்பட்டவர்கள்.

இம்மண்ணிலும் போர் கண்ட பிள்ளைகள் உளர். பிள்ளைகள் ஒதுங்கிய இடங்களில் எறிகணை வீழ்ந்ததும் உண்டு. பிள்ளைகளின் கையில் ஆயுதம் திணிக்கப்பட்டதும் உண்டு. 2009இற் போர் முடிந்தபின், அவர்கள் கதையைச் சொல்லப் பலர் வந்தனர்; இன்னும் வருவர். மேடையிலே பிள்ளையை ஏற்றிப் பாடம் பண்ணிய பேச்சைப் பேசவைத்துக் கைதட்டுவோர் எல்லாக் கட்சிகளிலும் உளர். அரசாங்கப் பிரசுரங்களிற் சிரிக்கும் பிள்ளையும், எதிர்ப் பிரசுரங்களில் அழும் பிள்ளையும் ஒரே பிள்ளையாயிருத்தலும் கூடும். அப்பிள்ளையை எவரேனும் கேட்டனரா?

கதை சொல்ல வருவோரை, படமெடுக்க வருவோரை, மேடை அமைப்போரை நாம் கேட்பது இது. பிள்ளையின் கையிற் பிரதியைக் கொடுக்குமுன், ஹானியைப் போற் சிறிது பொறுத்திருங்கள். அது விளையாடினால், துயரம் இல்லையென்று முடிவு செய்யாதீர்கள். அது பொய் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். உங்கள் வழக்குக்குப் பாதகமாக அது பேசினாலும், அப்பேச்சை வெட்டி எறியாதீர்கள். அன்று ஓசுவின் படத்தில் இரு சிறுவர் கேட்ட கேள்விக்குத் தந்தையால் விடை சொல்ல முடியவில்லை. ஆயினும், அக்கேள்வி பதிவேட்டில் ஏறிவிட்டது. நூறாண்டை அணுகும் இன்றும் அழியாதிருக்கின்றது.

நம் பிள்ளைகளின் கேள்விகளும் பதிவேட்டில் ஏற வேண்டும். அவற்றுட் சில நம்மை நோக்கியே எழும். எழட்டும்.